வேதமுத்து வீட்டு வெந்நீர் வழக்கு

பெருமாள்மலையில் ஒரு வீடு. தெற்குக் கூரை முழுவதும் சோலார் பேனல். அதன் அடியிலேயே, கேஸ் அடுப்பில் தினமும் ஒரு அண்டா தண்ணீர் கொதிக்கும். இந்த இரண்டும் ஒரே வீட்டில் எப்படி என்று கேட்டால், வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்காரர் வேதமுத்து லாரி ஓட்டியவர். பேனல் மாட்டிய மறு ஆண்டே பக்கவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது. மனைவி சகாயமேரி தினமும் அவரை வெந்நீரில் குளிப்பாட்டியாக வேண்டும். நாலு நாள் தவறினால் முதுகில் புண் கண்டுவிடும். கனத்த உடம்பு. தூக்கி உட்காரவைக்க இன்னொரு ஆள் தேவை. அந்த ஆள் பக்கத்து வீட்டுப் பவுலின். பள்ளி விடுதியில் சமையலை முடித்துவிட்டு அவள் வந்து சேர மதியம் இரண்டாகும். அந்த மலையில் பத்து மணிக்கு விழும் வெயில் பன்னிரண்டு வரை நிற்கும். அதன்பின் பனிமூட்டம், பல நாள் மழை.

போன மாதம் அண்டாவைத் தூக்கிப் போகும்போது சகாயமேரிக்குக் கால் வழுக்கியது. பாதித் தண்ணீர் அவள் காலில் கொட்டியது. இன்னும் ஓரடி தள்ளி விழுந்திருந்தால் நாற்காலியில் அசைய முடியாமல் இருந்தவர் மேல் கொட்டியிருக்கும். இனி அண்டா தூக்குவதில்லை, ஹீட்டர் வாங்குவது என்று முடிவு செய்தாள். செய்தி மலையிறங்கிப் போனது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, யோசனை சொல்ல மூன்று ஆண்கள் மலையேறி வந்தார்கள்.

முதலில் பேசியவர் கொழுந்தன் கித்தேரியான், ஓய்வு பெற்ற லைன்மேன்.

"மதினி, கண்ணாடிக் குழாய் வச்ச வெயில் ஹீட்டரைப் போடுங்க. கரண்டே வேணாம். நாலு பேனலைக் கழட்டுனா இடம் கிடைச்சிரும்."

"வடக்குப் பக்கம் காலியாத்தானே கெடக்கு?" என்றாள் சகாயமேரி.

"அங்க பூரா யூக்கலிப்டஸ் நிழலு."

மகன் பிரிட்டோ சிரித்தான். "வாரக்கணக்குல மேகம் மூடிக் கெடக்குமே சித்தப்பா, அப்ப உங்க குழாயில ஐஸ்தான் வரும். திறந்ததும் சுடுற சின்ன கீசர் போதும். கிறிஸ்துமஸுக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து இறங்குனாலும் உடனே குளிக்கலாம்."

"கரண்டு இருந்தா குளிக்கலாம்," என்றார் கித்தேரியான். "மத்தியானத்துக்கு மேல மழை பிடிச்சா இங்க முதல்ல போறது கரண்டுதான். லைன் போச்சுன்னா, அதோட கோத்திருக்கிற கூரைப் பேனலும் சேர்ந்து படுத்துரும். முப்பது வருசம் கம்பம் ஏறுனவன் சொல்றேன்டா."

மருமகன் கிளமெண்டுக்குத் திண்டுக்கல்லில் குளியலறைச் சாமான் கடை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அத்தை, அம்பது லிட்டர் டேங்க் வச்ச கீசர் வாங்குங்க. ரெண்டு மணி நேரத்துல நல்லாச் சுடும். நிறுத்துனாலும் அரை நாளைக்குச் சூடு நிக்கும். டைமரை விடியக்காலம் நாலு மணிக்கு வச்சிட்டா, ஆறு மணிக்கு ஜம்முனு குளிக்கலாம்."

"நாலு மணிக்கு எந்தச் சூரியன் மச்சான் வேலைக்கு வருது?" என்றான் பிரிட்டோ. "பேனல் எதுக்கு, காக்கா உக்காரவா?"

கிளமெண்டுக்கு முகம் சிவந்தது. கடைக்காரனுக்கே பாடமா என்றார். கித்தேரியான் தான் ஏறிய கம்பங்களை மறுபடி எண்ணத் தொடங்கினார். உள்ளறைக் கட்டிலில் கிடந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சகாயமேரி காப்பித் தம்ளர்களைக் கொண்டுவந்து மேசையில் நங்கென்று வைத்தாள். மூன்றிலும் தளும்பிச் சிந்தியது.

"மூணு பேரும் குளிச்சு முடிச்சாச்சா?"

கித்தேரியான் சிந்திய காப்பியைத் துண்டால் துடைக்கப் போனார்.

"வருசத்துல மூணு நாள் வந்து தங்குறீங்க. அந்த மூணு நாளைக்காக என் கூரையைப் பிரிச்சு மேயுறீங்க. மிச்ச நாளு இந்த வீட்டுல வெந்நீர் யாருக்கு? எத்தனை மணிக்கு? ஒருத்தராவது கேட்டீங்களா?"

"இல்ல மதினி, பொதுவா காலையிலதானே..."

"பொதுவா! உங்க அண்ணன் முதுகை நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?" மகன் பக்கம் திரும்பினாள். "நீ அவரு பெத்த பிள்ளை. அப்பாவைக் காலையில குளிப்பாட்டுறேனா, சாயங்காலமான்னு உனக்குத் தெரியுமா? மாப்பிள்ளையை நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா மகளுக்குப் போன் போகும்."

பிரிட்டோ தம்ளரைத் தள்ளி வைத்தான்.

"ஒரே ஒரு சாமான்தான் வாங்குவேன்," என்றாள். "பேனல்ல ஒண்ணுகூடக் கழட்டக் கூடாது. வெயில் வந்தா அதுல ஓடணும், வராத நாளும் சுடணும். மத்தியானம் கரண்டு போனாலும் அவருக்கு வேண்டிய நேரத்துக்கு வெந்நீர் குழாயில வரணும். இப்பச் சொல்லுங்க."

மூவரும் ஆளுக்கொரு சாமானைச் சொல்லியாயிற்று. அடுத்தவர் சொன்னதில் உள்ள குறையையும் சொல்லியாயிற்று. இனிச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சகாயமேரி எதை வாங்குவது சரி? அதைச் சொன்னவர், முழுவதும் சரியாகத்தான் சொன்னாரா?

விடை: வாங்க வேண்டியது டேங்க் கீசர். ஆனால் டைமர் ஓட வேண்டியது நாலு மணிக்கு அல்ல, காலை பத்து மணிக்கு. அப்போது கூரையில் நல்ல வெயில். பேனல் தரும் மின்சாரம் நேராகத் தண்ணீரைச் சுடவைக்கும். மேகம் மூடிய நாளில் குறைவதை லைன் கொடுக்கும். ஒரு மணிக்குக் கரண்ட் போனாலும், டேங்கில் நிற்கும் சூடு இரண்டு மணிக் குளியலுக்குத் தாராளமாகப் போதும். கிளமெண்ட் சொன்ன சாமான் சரி, நேரம் தப்பு. அவர் நினைத்தது தன் குளியலை. சகாயமேரி அதையே வாங்கினாள். கிறிஸ்துமஸ் அன்று காலை ஆறு மணிக்குத் துண்டும் தோளுமாக வந்து நின்ற கிளமெண்ட், குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது என்றார். "ரெண்டு மணிக்கு வாங்க மாப்பிள்ளை," என்றாள் அவள். "பண்டிகை, இன்னைக்குப் பவுலின் வரமாட்டா. அவரைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்."