கூட வந்தவன்

திருச்சியில் வெல்டர் வேலை பார்த்த பொன்னரசு, மனைவி சுகந்தியையும் மகள் ஓவியாவையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் ராமேஸ்வரம் கிளம்பினான். மகன் பரணி காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"நாம நாலு பேரும் ஒரு தடவை சைக்கிள்லயே ராமேஸ்வரம் போகணும்ப்பா" என்று பரணி சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் இருந்தவரை பொன்னரசுவுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது அவனுக்குத் திதி கொடுக்கப் போகிறார்கள்.

முதல் நாள் புதுக்கோட்டையில் தங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் ஓவியா அண்ணனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

"அப்பா, கால் எட்டல. நிறுத்தவே பயமா இருக்கு. சீட்டையாவது இறக்கிக் குடுங்க."

"அது அவன் வச்ச உயரம்மா. நேத்து ஓட்டினேல்ல?"

"நேத்து ரெண்டு தடவை சாஞ்சேன்."

சுகந்தி குறுக்கே வந்தாள். "என் சைக்கிளை அவகிட்ட குடுக்கறேன். நான் அதுல வரேன்."

"வேண்டாம். அவ ஓட்டினாத்தான் அவனே வர்ற மாதிரி இருக்கு. இதைக்கூடச் செய்ய மாட்டீங்களா?"

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பேசவும் கூடாது. வழிநெடுக மௌனம் என்பது பொன்னரசுவின் ஏற்பாடு. போனைச் சத்தம் அணைத்துப் பையின் அடியில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போனான். மகள் நடுவில், மனைவி கடைசியில்.

திருமயம் கோட்டை வந்தது. போனது. எதிர்க்காற்று இல்லை. வெகுநாள் கழித்து அவனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பரணி பக்கத்திலேயே மிதித்து வருவதுபோல் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, வந்தான். "இந்தக் கண்மாயில மீன் இருக்குமாப்பா?" என்றான். "இருக்கும்டா" என்றான் இவன். லாரிகள் போயின, பஸ்கள் போயின. காரைக்குடியின் நெரிசலில்கூட அந்தப் பேச்சு அறுபடவில்லை.

காரைக்குடியைத் தாண்டித் தேவகோட்டைச் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குள் அவனுடைய குரு இருந்தார். குருவுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மகன் போன புதிதில், தூக்கமில்லாமல் அலைந்த நாட்களில் இங்கே வந்து அவன் பல இரவுகள் படுத்திருக்கிறான். அன்று மதியச் சாப்பாடு அவரிடம்தான் என்று முன்பே சொல்லியிருந்தான்.

குரு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். அவன் விழுந்து கும்பிட்டான்.

"எங்க மத்தவங்க?"

"பின்னால வர்றாங்க சாமி. இப்ப வந்துருவாங்க."

முகம் கழுவிவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். செத்துப்போனவங்க நம்மகூட வருவாங்களா?"

"ஏன் கேக்கற?"

"இன்னைக்கு அவன் வந்தான். சத்தியமா வந்தான்."

குரு நறுக்குவதை நிறுத்தினார். "உன் வீட்டுக்காரியும் பொண்ணும் வரட்டும். அவங்களும் கேக்க வேண்டிய பதில்."

இலைகள் போட்டார். தண்ணீர் வைத்தார். சோறு ஆறியது. யாரும் வரவில்லை. குரு எழுந்து போய் வெயிலில் சாலையோரம் நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எதுக்கும் ஒரு போன் போட்டுப் பாரு."

பையின் அடியிலிருந்து போனை எடுத்தான். திரை முழுக்கச் சுகந்தியின் பெயர், ஒன்றன்கீழ் ஒன்றாக. கூப்பிட்டான்.

"எங்க வர்றீங்க?"

"பஸ்ல இருக்கோம். வீட்டுக்குப் போறோம்."

"என்ன விளையாடறியா?"

"திருமயம் தாண்டி ஓவியா விழுந்துட்டா. பிரேக் போட்டா கால் எட்டல, ரோட்டுல சாஞ்சுட்டா. பின்னால வந்த லாரிக்காரன் ஒடிச்சுத் திருப்பினதால இருக்கா. கை ஒடஞ்சுபோச்சு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டிருக்காங்க."

அவன் எழுந்துவிட்டான்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?"

"குடுக்கலையா? பேசக்கூடாதுன்னீங்க. அதையும் மீறி அப்பா, அப்பான்னு கத்தினா. நானும் கத்தினேன். நீங்க போய்க்கிட்டே இருந்தீங்க."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. நடுவில் மகள் விசும்புவதும் கேட்டது. ஏதோ கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தான். வந்தது இதுதான்:

"பரணி சைக்கிள் எங்க?"

"ரோட்டோரமா கெடக்கு. போய் எடுத்துக்குங்க" என்றாள் சுகந்தி. போனை வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விரித்த இலைகளை ஒவ்வொன்றாக மடித்தார்.

"சாமி, நான் என்ன தப்பு செஞ்சேன்? அவனுக்காகத்தானே கெளம்பினோம்? குடும்பமாப் போகணும்னு அவன்தானே ஆசைப்பட்டான்?"

குரு மடித்த இலைகளை ஓரமாக வைத்தார்.

"ஏதாவது சொல்லுங்க சாமி. கேட்டதுக்காவது பதில் சொல்லுங்க."

"திருமயத்துக்கு அப்புறமும் பையன் உன்கூட வந்தானா?"

"வந்தான் சாமி. இங்க வாசல் வரைக்கும் வந்தான். பேசிக்கிட்டே வந்தான்."

"தங்கச்சி விழுந்துட்டான்னு அவன் சொல்லலையா?" என்றார் குரு.