கரடியின் கேடயம்

மூங்கில் காட்டில் ஒரு கரடியும் இரண்டு குரங்குகளும் சேர்ந்து மீட்புப் படை அமைத்திருந்தன. யாருக்கு அடிபட்டாலும் கொடியால் பின்னிய தூளியோடு ஓடிப் போய் நின்றன.

தலைவனான கரடிக்கு ஒரே ஒரு குறை. "இவ்வளவு செய்கிறோம், நமக்கென்று ஒரு சின்னம் இல்லையே!"

மயில் நன்றாக வரையும். பெரிய மரப்பட்டையைக் கேடயமாக வெட்டி, அதில் வண்ணம் தீட்டிக் கொடுத்தது.

"நடுவில் புலி, அது துணிவு. மேலே பருந்து, அது வேகம். தடியைச் சுற்றிய பாம்பு, அது மருந்து!"

"அடேயப்பா! பார்த்தாலே மரியாதை வருகிறதே!" என்று பூரித்தது கரடி.

ஒரு நாள் பெருமழையில் ஆற்றங்கரை மரம் சாய்ந்தது. "முயலின் கால் கிளைக்கு அடியில் மாட்டிக்கொண்டது! சீக்கிரம் வாருங்கள்!" என்று கத்தியது ஒரு குருவி.

கரடி கேடயத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடியது. புதரை விலக்கியது.

முயல் வீலென்று அலறியது. மாட்டிய காலை வெடுக்கென்று பிய்த்து இழுத்து, வெள்ளத்தில் பாய்ந்துவிட்டது!

"ஐயோ! நம்மைக் கண்டு ஏன் குதித்தாள்?" கேடயத்தை வீசிவிட்டுக் கரடியும் குதித்தது. துவண்ட உடம்பைக் கரை சேர்த்தது.

"மூச்சு இல்லை அண்ணா!" என்றது ஒரு குரங்கு.

கரடி முயலின் நெஞ்சை அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. முயல் தண்ணீரைக் கக்கி இருமியது. கரடி பச்சிலை வைத்துக் காலைக் கட்டியது.

"கரடி மாமா, நீங்களா?"

"நான்தானம்மா. ஏன் குதித்தாய்?"

"அம்மாவைத் தின்றது புலி. அண்ணனைத் தூக்கியது பருந்து. தங்கையை விழுங்கியது பாம்பு. மூன்றும் சேர்ந்து வந்தால் நான் வேறென்ன செய்வேன்!"

கரடி திடுக்கிட்டுத் திரும்பியது. சேற்றில் கிடந்த கேடயத்திலிருந்து மூன்று வாய்களும் அதையே பார்த்துப் பிளந்திருந்தன.

முயலின் கால் அதன் பிறகு நேராகவே ஆகவில்லை.

"இதை அழித்துவிடு!" என்று கேடயத்தை மயிலிடம் நீட்டியது கரடி.

"ஆனால் அர்த்தம்..."

"அந்த அர்த்தம் நமக்கு மட்டும்தானே தெரியும்!" கரடி முயலிடம் குனிந்தது. "நீ சொல்லம்மா, எதை வரையலாம்?"

முயல் காலில் கட்டியிருந்த பச்சிலையைத் தொட்டுக் காட்டியது. மயில் அதையே வரைந்தது.

உதவப் போகிறவரின் அடையாளம் அவருடைய பெருமையைச் சொல்லக் கூடாது. தவிக்கிறவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும்.