சடைச்சி வாங்கிய ஜப்பான் கார்

தாமரைக் குளத்தங்கரையில் இரண்டு ஜப்பான் கார்கள் விலைக்கு இருந்தன. இரண்டும் பந்தயத்தில் பறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் வகை. இரண்டும் பழசு. காட்டுக்குள் அவை எப்படி வந்தன என்று என்னைக் கேட்காதீர்கள். முள்ளம்பன்றிக்குக் கிளட்ச் எட்டுமா என்றும் கேட்காதீர்கள். எட்டும். கதை நடக்க வேண்டுமே.

அந்த முள்ளம்பன்றியின் பெயர் சடைச்சி. மலை உச்சியில் வரையாடு நடத்திய தையல் கொட்டகையில் அவளுக்கு வேலை. ஊசி வாங்க அவள் கடைக்குப் போனதே இல்லை. முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்குவாள், நூலைக் கோப்பாள், தைக்க உட்கார்ந்துவிடுவாள். யானைக்குக் காதுறை, கரடிக்குக் குளிர்ச் சட்டை, குரங்குகளுக்கு ஊஞ்சல் துணி என்று காட்டில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

குறை ஒன்றுதான். நேரத்துக்கு வரமாட்டாள். வீடு குளத்தங்கரையில், வேலை மலை உச்சியில். நாலு குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்?

காலை வெயில் வரையாட்டின் கொம்பு நுனியில் விழும்போது எல்லோரும் கொட்டகையில் இருக்க வேண்டும். அங்கே அதுதான் மணி. சடைச்சி மூச்சிரைக்க வந்து சேரும்போது வெயில் கொம்பைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, வாலுக்கு வந்திருக்கும்.

"ரெண்டு தடவை சொல்லியாச்சு சடைச்சி," என்றது வரையாடு, சனிக்கிழமை. "திங்கட்கிழமையும் லேட்டா வந்தேன்னா உன் முக்காலியைத் தையல்சிட்டுக்குக் குடுத்திருவேன்."

தையல்சிட்டு வாசல் கிளையில் உட்கார்ந்து அந்த முக்காலியைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்," என்றது பெருந்தன்மையாக.

தைப்பதைத் தவிர சடைச்சிக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது. மலை இறங்கும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். குளத்தங்கரையை எட்டியபோது முடிவு செய்துவிட்டாள். கார் வாங்க வேண்டும்.

கொடுப்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பொருள் இருந்தது. ஆறு மழைக்காலமாக ஒட்டுத்துணி சேர்த்துத் தைத்த மெத்தை விரிப்பு. அதைப் பார்த்தவர் யாரும் ஒரு தடவை அதில் புரளாமல் போனதில்லை. ஒரு விரிப்புக்கு ஒரு கார்தான் கிடைக்கும். தப்பான காரை எடுத்தால் விரிப்பும் போச்சு, முக்காலியும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காடே குளத்தங்கரையில் கூடிவிட்டது. வாங்குவது ஒருத்திதான் என்றாலும் கருத்துச் சொல்ல அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

முதல் கார் சிவப்பு. மயில் பீதாம்பரத்துடையது. ஆலமரத்தடியில் உறை போட்டு நின்றது. பீதாம்பரம் மரத்திலிருந்து இறங்கினார். கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். உறையை மெல்ல மெல்ல உருவினார். அடேயப்பா! வெயில் அதில் பட்டுத் தெறித்ததில் முன்வரிசை முயல்கள் கண்ணை மூடிக்கொண்டன.

பீதாம்பரம் ஒரு பொத்தானை அமுக்கினார். பானட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு ஹெட்லைட்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பின. குளத்துத் தவளைகள் துள்ளிக் குதித்துக் கைதட்டின.

"நம்ம சொந்தக்காரன்லே!" என்று கத்தியது ஒரு தவளை.

சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

"எத்தனை வருசமா வச்சிருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"எட்டு வருடம். எங்கேயாவது ஒரு கீறல் காட்டு பார்க்கலாம்."

"ஓட்டிப் பாக்கலாமா?"

"தாராளமாக. ஆனால் சாய்ந்து உட்காராதே. முள் சீட்டில் படும்."

சடைச்சி மூக்கு ஸ்டியரிங்கில் இடிக்கும்படி குனிந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கார் இருமியது. மறுபடி திருப்பினாள். மறுபடி இருமியது.

"ராஜ வண்டி. நாலு பேர் தள்ளினால்தான் அதற்கு மரியாதை," என்றார் பீதாம்பரம்.

நாலு பேர் என்ன, நாற்பது குரங்குகள் பாய்ந்து வந்து தள்ளின. கார் கிளம்பியது. கிளம்பியது என்று சொன்னால் போதாது, பறந்தது! குளத்தங்கரை வழுவழுவென்று சமமான பாதை. ஒரே ஒரு சுற்று. கொக்குகளின் இறகெல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. சடைச்சி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

அப்போது கிழங்கு வாசனை ஒன்று முன்னால் வந்தது. அதன் பின்னால் இரண்டாவது கார் வந்தது.

அது காட்டுப்பன்றி மாசானத்துடையது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்ததாம். இப்போது சேற்று நிறம். டிக்கியைக் காட்டுக்கொடியால் கட்டியிருந்தான். சீட்டெல்லாம் கிழிந்து சாக்குத் துணி போட்டிருந்தது. பின் ஜன்னல் ஒன்று பாதியில் நின்றுவிட்டது, மேலே ஏறாது. கிலோமீட்டர் எண்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன.

கதவு திறந்தது. முதலில் கிழங்குகள் உருண்டன. பிறகு குட்டிகள் உருண்டன. உருண்டுகொண்டே இருந்தன. கடைசியில் மாசானம் இறங்கினான்.

"மன்னிச்சுக்கிடுங்க மைனி. மலையில ஒரு லோடு இறக்கிட்டு வாரேன். இன்னொரு லோடு பாக்கி கெடக்கு."

"ஏன் விக்கிறீங்க?"

"வீட்டுல புதுசாப் பதினோரு பிள்ளைய. இதுல அடங்க மாட்டேங்கு. ஒரு வேன் பாத்து வச்சிருக்கேன்," என்றான் வெட்கத்தோடு.

சடைச்சி அதையும் ஓட்டிப் பார்த்தாள். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. ஆனால் டர்டர் என்று சத்தம். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. குளத்தைச் சுற்ற இடது பக்கம்தானே திருப்ப வேண்டும்? சுற்று முடிகிறவரை ஹாரன் ஓயவில்லை. தவளைகள் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டன. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மெக்கானிக் மரங்கொத்தி இரண்டு கார்களையும் தட்டிப் பார்த்தது. "உள்ளே புழு இல்லை," என்றது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சிவப்பு!" என்றன முயல்கள். "சிவப்பு!" என்றன குரங்குகள். மாசானத்தின் பிள்ளைகள்கூடச் சிவப்புக்குத்தான் ஓட்டுப் போட்டன.

சடைச்சி மனதிலும் சிவப்புதான் ஓடியது. மலை உச்சியில் அந்தக் கார் போய் நிற்பதையும், ஹெட்லைட் எழும்புவதையும், தையல்சிட்டு கிளையிலிருந்து தவறி விழுவதையும் நினைத்து அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. விரிப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பீதாம்பரத்திடம் போனாள்.

பீதாம்பரம் விரிப்பின் ஒரு முனையை அலகால் பிடித்து, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். சொக்கிப் போனார். பிறகு தற்செயலாகச் சூரியனைப் பார்த்தார்.

"அடடா, நேரமாகிவிட்டதே! மலைப் பாறையில் எனக்கு ஆட்டம் இருக்கிறது. பெண்மயில்கள் காத்திருப்பார்கள்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாசானம், மேலே போகிறாய் அல்லவா? வழக்கம் போல என்னைப் பாறையடியில் இறக்கிவிடு."

"ஏறுங்க அண்ணாச்சி. முன்னால கிழங்கு இருக்கு, பின்னால உக்காந்துக்கிடுங்க."

விரிப்பின் மறுமுனை சடைச்சியிடம் இருந்தது. அவள் விடவில்லை.

"அண்ணாச்சி, பாறைக்கு இந்தச் சிவப்புக் கார்லயே போகலாம்லா?"

"இதிலா? மலைக்கா? கல் குத்தும், அடி தட்டும், மேட்டில் மூச்சு வாங்கும். தள்ளுவதற்கு அங்கே ஆள் ஏது?"

"நேத்து எதுல போனீங்க?"

"நேற்று மழை."

"முந்தா நாளு?"

"முந்தா நாள் வெயில்."

மாசானத்துக்குச் சூது வாது தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னான். "எட்டு வருசமா நாந்தான் மைனி ஏத்திட்டுப் போறேன். ஒரு நாளு விட்டதில்ல. தோகையைப் பின் ஜன்னல் வழியா வெளிய போட்டுக்கிடுவாக. அதான் அந்தக் கண்ணாடி ஏறாமப் போச்சு."

கைதட்டிய தவளைகள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டன.

சடைச்சி விரிப்பை ஒரு இழு இழுத்தாள். அது பீதாம்பரத்தின் அலகிலிருந்து நழுவி வந்துவிட்டது.

"உங்க கார்ல நீங்களே ஏற மாட்டேங்கீங்க. நான் எப்படி அண்ணாச்சி தினமும் ஏறுவேன்?"

"அழகு தெரியாத ஜென்மம்!" என்று சீறினார் பீதாம்பரம். சீறிவிட்டு விறுவிறுவென்று போய் வெள்ளைக் காரின் பின் சீட்டில் ஏறி, தோகையை ஜன்னல் வழியாக வெளியே போட்டுக்கொண்டார். கோபம் கோபமாக இருக்கட்டும், ஆட்டத்துக்கு நேரமாகிறதே!

அதற்குள் சடைச்சி விரிப்பை மாசானத்தின் தோளில் போர்த்தியிருந்தாள். மாசானம் காரின் பானட்டை மூக்கால் ஒரு தடவை தடவினான். கண் கலங்கியது. பிறகு குனிந்து பின் சீட்டைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது இப்ப மைனி வண்டி. அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

பீதாம்பரம் வானத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சடைச்சி," என்றார், இதுவரை யாரும் கேட்டிராத சன்னக் குரலில். "கொஞ்சம் பாறை வரைக்கும்..."

"இருங்க அண்ணாச்சி, போவோம். மாசானம் லோடையும் ஏத்திக்கிடுவோம்," என்றாள் சடைச்சி. ஸ்டியரிங் முன்னால் ஏறி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முட்களெல்லாம் சாக்குத் துணிக்குள் சுகமாக இறங்கின. யாரும் ஐயோ என்று அலறவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. நடுவழியில் யானைக் கூட்டம் பாதையைக் கடந்தது. தும்பிக்கை தும்பிக்கையாக எண்ணிக்கொண்டு சடைச்சி காத்திருந்தாள். கடைசிக் குட்டி யானை நின்று காரை முகர்ந்து பார்த்து, கிழங்கு வாசனையில் மயங்கி, ஒரு முட்டு வேறு முட்டிவிட்டுப் போனது. கார் ஒன்றும் சொல்லவில்லை. கல்லில் ஏறியது, ஓடையில் இறங்கியது, ஒவ்வொரு இடது வளைவிலும் ஹாரன் அடித்து மலையையே எழுப்பியது.

வரையாடு வாயில் புல்லோடு எட்டிப் பார்த்தது. தையல்சிட்டு அலகில் நூலோடு வந்து இறங்கியது. இரண்டும் முக்காலியைப் பார்த்தன. சடைச்சி அதில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, பாதிச் சட்டையை முடித்திருந்தாள். அப்புறம்தான் வெயில் வந்து கொம்பு நுனியில் விழுந்தது.

"இன்னிக்கு வெயில்தான் லேட்டு," என்றது வரையாடு.

சிவப்புக் கார் இன்னும் ஆலமரத்தடியில்தான் நிற்கிறது. ஒரு கீறல் கிடையாது. பீதாம்பரம் தினமும் அதைப் பளபளவென்று துடைக்கிறார். துடைத்து, உறையைப் போட்டுவிட்டு, பாதையோரத்தில் வந்து நின்று, சடைச்சியின் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒரு பொருளை விற்பவர் அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்பதைவிட, அவரே அதைத் தினமும் நம்பிப் பயன்படுத்துகிறாரா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.