தக்காளிக்கு நட்ட பச்சைக் கழி

ஒரு காட்டில், ஓடை வற்ற இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே, ஓர் அணில் பயந்துபோய்த் தக்காளி விதை போட்டது.

அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அவை பிறக்கும் நேரத்தில் கோடை வந்துவிடும். ஓடை வறண்டால் தாய்க்கு நீர் இல்லை. தாய்க்கு நீர் இல்லையென்றால் குட்டிகளுக்குப் பால் இல்லை. சாறுள்ள பழங்கள் கொஞ்சம் இருந்தால் மழை வரும்வரை சமாளித்துவிடலாம் என்று அணில் நினைத்தது.

பொந்துக்கு எதிரே, வெயில் படும் இடத்தில் செடி முளைத்தது. ஒரு முழம் வளர்ந்ததும் தள்ளாடியது. தக்காளிச் செடிக்குத் தானாக நிற்கத் தெரியாது, குழந்தைகளே. காய் கனத்தால் மண்ணில் படுத்துவிடும். மண் பட்ட காய் அழுகிவிடும்.

பக்கத்துப் புதரில் இருந்த முள்ளம்பன்றி, ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை இழுத்து வந்து போட்டது.

"இதை நடு. வாழை நாரால கட்டு. தண்டை நெரிக்காதே, உன் விரல் நுழைய இடம் விட்டுக் கட்டு."

"இது செத்த குச்சியாச்சே?"

"ஆமாம், செத்தது. அதனால இதுக்குத் தண்ணி வேண்டாம், இடம் வேண்டாம். வேலை முடிஞ்சா பிடுங்கிப் போட்டுடலாம்."

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் முள்ளம்பன்றி போய்விட்டது. அணிலுக்கு அழுகை வந்தது.

அப்போது வெள்ளாடு வந்தது. அதன் வாயில் ஒரு பச்சைக் கழி இருந்தது.

"அட என் தங்கச்சி! இந்த நிலைமையில நீயா குச்சி நடுறே? அது சரி, யார் இந்தப் பிணக்கட்டையைக் கொடுத்தது?"

"முள்ளம்பன்றி கொடுத்தது, அண்ணே."

"அதுக்கு மேலெல்லாம் முள்ளுன்னு பார்த்தா உள்ளேயும் முள்ளா! குட்டி பிறக்கப்போற வாசல்ல செத்த மரத்தை நடுவாங்களா? கரையான் ஏறும். ஒரு காத்துக்கு முறியும். அப்புறம் செடி எங்கே, பிள்ளைங்க எங்கே?"

அணில் மூங்கில் குச்சியை விட்டு விலகி நின்றது. அது பயந்த சுபாவம் உள்ளது. ஆட்டுக்கு அது தெரியும்.

"இதைப் பார். கல்யாண முருங்கை. ஊருக்குள்ளே கல்யாணப் பந்தல்ல இதைத்தான் நடுறாங்க. பச்சைக் கழி, மங்களம். முள் இருக்கு, எலி ஏறாது."

"நான் உங்களுக்கு என்ன தரணும், அண்ணே?"

"தங்கச்சிகிட்ட வாங்குவேனா? தினமும் வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறேன். எனக்கு அது போதும்."

ஆடு தன் குளம்பாலேயே குழி தோண்டிக் கழியை நட்டுக் கொடுத்தது. அணில் நாரால் செடியை அதோடு கட்டியது. மூங்கில் குச்சியைப் புதர்ப் பக்கம் எறிந்தது.

ஓடையிலிருந்து இலைத் தொன்னையில் தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றியது. பதினைந்தாம் நாள் கழியில் ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

"அண்ணே! கழி துளிர்த்திருக்கு!"

"உன் கை ராசி, தங்கச்சி."

அணிலுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து கழிக்கும் தனியாக ஒரு தொன்னை ஊற்றியது. அதுவும் உயிர்தானே!

குட்டிகள் மூன்று பிறந்தன. கழி கிளை விட்டு, இலை விட்டு, நிழல் விரித்தது. நிழலில் தக்காளி வெளிறியது. பூத்தவை உதிர்ந்தன. ஆடு நாள் தவறாமல் வந்தது.

"உன் செடிக்கு வெயில் படட்டும்னுதான் கொஞ்சம் கழிச்சு விடறேன்" என்று சொல்லிக்கொண்டே வாய் நிறையத் தழை தின்றது. அது கடித்த இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர் வந்தது.

ஒரு நாள் முள்ளம்பன்றி அந்தப் பக்கமாகப் போனது.

"தண்ணி ஊத்துறியே, அது எங்கே போகுதுன்னு மண்ணைக் கிளறிப் பார்த்தியா?"

அணில் கிளறிப் பார்த்தது. தக்காளியின் நூல் வேர்களைச் சுற்றி, கழியின் வேர்கள் அணிலின் வாலைவிடத் தடிமனாக ஓடியிருந்தன. கழியைப் பிடித்து இழுத்தது. அசையவில்லை. முள் குத்தி ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஆடு வந்ததும் அணில் கெஞ்சியது.

"அண்ணே, இந்தக் கழியைப் பிடுங்கிக் கொடுங்க. நட்டது நீங்கதானே."

ஆடு மென்றுகொண்டே கேட்டது.

"கழியா? எது கழி? இது மரம்."

"என் செடி காயுது, அண்ணே. பிள்ளைங்களுக்குப் பால் இல்லை."

"பச்சை மரத்தைப் பிடுங்குறது பாவம். அதுவும் கல்யாண மரம்! இது இல்லைன்னா உன் செடி என்னைக்கோ விழுந்திருக்கும். நன்றி சொல்லாட்டிப் பரவாயில்லை, பழி போடாதே."

பின்னால் அதன் மனைவியும் மச்சான்களும் நின்று தலையாட்டினார்கள். எல்லோர் வாயிலும் தழை இருந்தது.

ஓடை வற்றியது. நெல்லிக்காய் அளவில் இரண்டே காய்கள் தொங்கின. அவையும் பழுக்காமல் உதிர்ந்தன.

ஒரு காலையில் ஆடு சொன்னது:

"தங்கச்சி, அந்தச் சருகை எடுத்துடு. மரத்தடியில படுக்க இடைஞ்சலா இருக்கு."

 அணில் நார் முடிச்சை அவிழ்த்தது. செடி மண்ணில் சாய்ந்தது.

அன்றே அது குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மலைக்கு அப்பால் இருந்த சுனையை நோக்கிக் கிளம்பியது. போகும் வழியில், புதரோரம், மூங்கில் குச்சி எறிந்த இடத்திலேயே கிடந்தது. அதில் ஓர் இலைகூட வந்திருக்கவில்லை.

கிளம்பும்போது குட்டிகள் மூன்று. சுனையைச் சேர்ந்தபோது இரண்டு.

நீதி: உன்னைத் தாங்க வந்த கழி உன் தண்ணீரில் துளிர்த்தால், அன்றே பிடுங்கிவிடு, அது மரமான பிறகு பிடுங்கப்படுவது நீதான்.