கடைசி செல்லுக்கு வராத காற்று

குரு, சீடன் என்றதும் காவியையும் கமண்டலத்தையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் எஸ்தர், கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். சீடருக்குத்தான் தலை நரைத்துவிட்டது. அவர் பெயர் வைகுண்டம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கிற ஒரு கடற்கரை ஆலையில் புதுச் செல் வரிசை, அதாவது அந்த வேலை நடக்கிற தொட்டிகளின் வரிசை, முழுக்க அவர் பொறுப்பு. தங்கை வயதுக்காரியிடம் சந்தேகம் கேட்கவும், ‘டீச்சர்’ என்று கூப்பிடவும் அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அந்த ஒரு நல்ல குணம் மனுஷனிடம் உண்டு.

அன்றைக்கு எஸ்தர் ஆலைக்கு வந்தபோது அவர் முகம் செத்துக் கிடந்தது.

"கடைசி செல் மறுபடியும் போச்சு டீச்சர்."

"அதே தகடா?"

"இல்ல, புதுசு. வெளியூர்ல மெஷின்ல செஞ்சு வந்த தகடு. இதுவும் போச்சு."

தகடு என்றால் முறம் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தகடு. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. ஒரு பக்கம் காரத் தண்ணீர் நிற்கும், மறுபக்கம் ஆக்சிஜன் வரும். துளைக்குள் இரண்டும் சந்தித்தால்தான் வேலை நடக்கும். ஆக்சிஜன் வந்து சேராவிட்டால் தகடு மூச்சுத் திணறும், மின்சாரத்தைத் தண்டமாகத் தின்னும், கடைசியில் கெட்டே போகும்.

முன்பெல்லாம் அந்தத் தகடுகளுக்குக் கரிப்பசை தடவியவள் பேச்சித்தாய். கடைசி செல் தொடர்ந்து கெடவும் வைகுண்டத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "உன் கை சரியில்ல. துளையெல்லாம் அடைச்சு வைக்கிற. நீ தொட்டது எது விளங்கிச்சு?" என்று ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் கேட்டு, வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்.  அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இப்போது மெஷின் தடவிய தகடும் செத்துவிட்டது. 

"குத்தம் தகட்டுலயா, செஞ்ச கையிலயா டீச்சர்?"

 "பேச்சித்தாய் செஞ்ச தகடு ஒண்ணாவது மிச்சம் இருக்கா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"ஸ்கிராப்புல கிடக்கும். கடைசி செல்லுல கெட்டுப்போச்சுன்னு கழட்டிப் போட்டது."

"அதை நல்லாக் கழுவி முதல் செல்லுல மாட்டுங்க."

"கெட்டதைக் கொண்டுபோய் முதல்லயா?"

"மாட்டுங்க சார்."

மாட்டினார்கள். வரிசை ஓடியது. பேச்சித்தாயின் தகடு தேமே என்று வேலை பார்த்தது. மீட்டரில் முள் கொஞ்சமும் மேலே ஏறவில்லை. கடைசி செல்லில் இருந்த மெஷின் தகடோ வழக்கம்போல் முள்ளை ஏற்றிக்கொண்டு திணற ஆரம்பித்தது. 

எஸ்தர் வரிசையோடு நடந்தாள். ஆக்சிஜன் முதல் செல்லில் நுழைந்து, ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி செல்லில் முடிகிறது. அதன் வால்பக்கம் ஒரு சின்ன வால்வு இருந்தது.

"இது எப்பவும் மூடியேதான் இருக்குமா?"

"நான்தான் மூடச் சொன்னேன் டீச்சர்." அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "முன்னெல்லாம் ஆக்சிஜன் இது வழியா வீணாப் போகும். இப்ப ஒரு பொட்டு வீணாகிறதில்ல. மேலிடத்துல பாராட்டிக் கைகூடக் கொடுத்தாங்க."

"உங்க ஆக்சிஜன் சுத்தமானதா?"

"காத்துலருந்து பிரிச்செடுக்கிறதுதான். கொஞ்சம் நைட்ரஜன் ஒட்டிக்கிட்டு வரும்."

"ஆக்சிஜனை வழியில இருக்கிற தகடுங்க எடுத்துக்கும். நைட்ரஜனை யார் எடுத்துக்குவா?"

"யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அது எதோடயும் சேராது. அது பாவம், சாதுதான டீச்சர். யாருக்கும் ஒரு தொந்தரவு பண்ணாது."

"பண்ணாது. போறதுக்கு வழி இல்லாததால கடைசி செல்லுக்கு வந்து துளை வாசல்ல நிக்கும், அவ்வளவுதான். பின்னால வர்ற ஆக்சிஜன் அதைத் தாண்டி உள்ள போகணும்."

அவள் வால்வைக் கால் திருகு திறந்தாள். மெல்லிய சீறல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடைசி செல்லின் முள் இறங்கி, மற்றவற்றோடு சமமாக நின்றது. ஷெட்டில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். வைகுண்டம் மட்டும் தட்டவில்லை.

"அப்போ பேச்சித்தாய்..." என்று ஆரம்பித்தவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

பேச்சித்தாய் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே மகளுக்கு வளைகாப்பு. தெருப் பொம்பளைகள் வரிசையாக வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் மட்டும் சுவரோரமாக, இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, நீயும் வந்து ஒரு வளையல் போடேன்" என்று மகள் அழாத குறையாகக் கேட்டாள்.

"வேண்டாம்ட்டி. எங் கை ஆகாத கை. வவுத்துப் பிள்ளைக்கு வேற ஒண்ணு வந்துரப்பிடாது."

வைகுண்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். அத்தனை பேர் முன்னால்தானே சொன்னோம், சொன்னதை அத்தனை பேர் முன்னாலேயே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தார்.

"பேச்சித்தாய், தப்பு உன் கையில இல்ல. உன் தகடு இப்ப ஜோரா ஓடுது. நான் மூடின வால்வுதான் எல்லாத்துக்கும் காரணம். நாளைக்கே வேலைக்கு வா."

 பேச்சித்தாய் அவரைப் பார்த்துச் சிரித்தாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா வந்திருக்கிய. மனசு கேக்காம பெரிய மனசு பண்ணிச் சொல்லுதிய சார். எனக்குத் தெரியாதா எங் கையப் பத்தி?"

"இல்லம்மா, சத்தியமா..."

"இருக்கட்டும் சார். சாப்பிட்டுப் போங்க." பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினாள். "ஏட்டி, சாருக்கு இலை போட்டு நீ பரிமாறு. நான் தொடல."

 புளிச்சாதத்தைப் பாதியில் விட்டு, இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் வெளியே வரும்போதும் அவள் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எஸ்தர் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். வைகுண்டம் ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார்.

"அவ நம்பவே மாட்டேங்கா டீச்சர். வால்வைத் திறந்ததும் செல்லு எந்திரிச்சிருச்சு. இவ எந்திரிக்கலையே."

எஸ்தர் குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் அவளுக்குக் கெடுதல் நினைச்சதே இல்ல. எம் பிள்ளைங்க மேல சத்தியம். அவமேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது டீச்சர்."

"நைட்ரஜனுக்கும் யார்மேலயும் விரோதம் கிடையாது சார்."