கல்லு யானையோட முகம்

ஒரு ஊர்ல ஒரு யானை முதுகு இருந்துச்சாம்.

"முதுகு மட்டுமாம்மா?"

முதுகு மட்டும்தான் மதிக்குட்டி. கல்லு முதுகு. ஏரிக்கரையில மண்ணுக்கு மேல வழவழன்னு தெரியும். அது யானைன்னே யாருக்கும் தெரியாது. அந்த ஊர்ல ஒரு பொண்ணு. அவளுக்குக் காலு ரெண்டும் நடக்காது, வாய் மட்டும் நிக்காம நடக்கும். அதனால ஊரே அவளை வாயாடின்னுதான் கூப்பிடும். மத்த பிள்ளைங்க ஓடிப்பிடிச்சு விளையாடும்போது, அவங்க அப்பா அவளைத் தூக்கி அந்தக் கல்லு மேல உக்கார வச்சிருவாரு. "நீ அவுட்டு, நீ அழுகுணி"ன்னு அங்கிருந்து அவதான் தீர்ப்பு சொல்லுவா. சாயங்காலம் அந்தக் கல்லு வெதுவெதுன்னு இருக்கும் பாரு, அந்தச் சூடு இப்பக்கூட...

"இப்பக்கூட என்னம்மா?"

ஒண்ணுமில்ல, கேளு. அப்புறம் ஒருநாள் ஏரியைத் தூர் வாருனாங்க. தோண்டத் தோண்ட, அடியில முழு யானை! ஊரே வேடிக்கை பாக்குது, வாயாடிக்கு மட்டும் அம்மை. வேப்பிலை மேல படுத்துக் கிடக்கா. "ஏய், அதுக்கு முகம் இருக்குடி!"ன்னு பிள்ளைங்க சன்னல்ல வந்து கத்துதுங்க. "எப்படிடி இருக்கு?" "யானை மாதிரி இருக்கு!" இது ஒரு பதிலா? அவளுக்கு அம்மை இறங்கறதுக்குள்ள லாரி டுர்ர்ருன்னு கிளம்பி, யானை டவுன் மியூசியத்துக்குப் போயிருச்சு.

"ம்."

தன்னோட யானை முகத்தைப் பாக்காம அவளுக்குச் சோறே இறங்கல. அப்போ பள்ளிக்கூடத்துல மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முகாம்ல குடுத்த சக்கர நாற்காலியில கிறீச் கிறீச்னு இவளும் போனா. வாசல்ல பாத்தா படி. பதினோரு படி!

ஞானசெல்வி டீச்சர், "வா, நான் தூக்கிக்கறேன்"னாங்க.

"வேணாம் டீச்சர். தேர் பாக்க நீங்க என்னைத் தூக்கிட்டுப் போனப்பவே ரெண்டு பேரும் தொபுக்கடீர்னு விழுந்தோம்ல?"

அப்புறம் காவக்காரத் தாத்தா, யானை வந்த அன்னிக்கு எடுத்த ஒரு படம் கொண்டாந்தாரு. "இந்தா கண்ணு, இங்கயே பாத்துக்க." அதுல யாரோ ஒரு பெரிய மனுஷர், மாலையும் சால்வையுமா, சரியா யானை முகத்தை மறைச்சுட்டு நிக்கிறாரு!

"தாத்தா, எனக்கு இவரு முகம் வேணாம்."

மத்த பிள்ளைங்க எல்லாம் உள்ள போயிட்டாங்க. வாயாடி பேசல. அன்னிக்குத்தான் முதல் தடவையா அவ பேசல. கண்ணு முட்டிக்கிட்டு வருது. படியையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கேட்டா பாரு:

"தாத்தா, யானை இந்தப் படியில ஏறியா உள்ள போச்சு?"

தாத்தா சிரிச்சாரு. "அதெப்படி ஏறும்? பின்வாசல்ல சரிவு இருக்கு. உருளைக்கட்டை போட்டு, தள்ளி..." அப்படியே வாயை மூடிக்கிட்டாரு. "அட, இருபது வருஷமா இங்கதானே நிக்கிறேன்!"

"கல்லுக்கு விட்ட வழியை எனக்கும் விடுங்க தாத்தா."

பின்வாசல் பூரா ஒடஞ்ச பெஞ்சு, பெயிண்டு டப்பா. டடார் மடார்னு தாத்தாவே எல்லாத்தையும் இழுத்துப் போட்டாரு. டீச்சர் பின்னால தள்ள, கிறீச்... கிறீச்... உள்ள போயிட்டா.

"முகம் எப்படிம்மா இருந்துச்சு?"

ஒரு தந்தம் ஒடஞ்சிருந்துச்சு. தும்பிக்கையைச் சுருட்டி வாயில வச்சிருந்துச்சு, நீ விரல் சூப்பற மாதிரியே. கண்ணு பாதி மூடி இருந்துச்சு. பிள்ளைங்க எல்லாம் மேல ஏறிக் குதிச்சும், அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்திருக்கு! அவ முதுகைத் தொட்டா. 'தொடாதே'ன்னு போர்டு இருந்துச்சு, தாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கல்லு ஜில்லுனு இருந்துச்சு. அங்க ஏது வெயிலு? உள்ளங்கையை வச்சுக்கிட்டே இருந்தா, மெல்ல மெல்ல வெதுவெதுன்னு ஆச்சு.

அடுத்த வருஷம் முன்வாசல்லயே சரிவு கட்டிட்டாங்க. தாத்தாதான் விடாம மனு மேல மனு போட்டாராம்.

"ஞாயித்துக்கிழமை நாமளும் போலாமா?"

போலாம். இப்போ யானை தூங்கிருச்சு, கதையும் அது மேலயே சாஞ்சுருச்சு, நீயும் கண்ணை மூடு. இரு, லைட்டை அணைச்சுட்டு வரேன்.

கிறீச்... கிறீச்...

"அம்மா, அந்தச் சக்கரத்துக்கு நீ இன்னும் எண்ணெய் போடலையா?"

வாயாடி பெத்த வாயாடி! தூங்குடி.