கேட்கும் முன்னே தண்ணீர்

நண்டும் நாரையும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இன்று கடலில் சிதறிக் கிடக்கும் இந்தத் தீவுகளெல்லாம் ஒரே நிலமாக இருந்தன. ஒரு கோடியில் படகுக்கு ஆகும் மரம், மறு கோடியில் பாய் முடையக் கோரை, நடுவில் தென்னந்தோப்பு. யாருக்கு எது வேண்டுமோ, நடந்துபோய் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் தாழை, இளையவள் சங்கினி. இருவர் வீட்டிலும் ஒரே சமயத்தில்தான் கிணறு வெட்டினார்கள். சங்கினியின் கிணற்றில் இளநீர் போலத் தண்ணீர் ஊறியது. தாழையின் கிணற்றில் லேசான உவர்ப்பு. குடிக்கலாம், சமைக்கலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரே குடத்தோடு தாழையின் வாசலைத் தாண்டித்தான் சங்கினி வீட்டுக்குப் போனது. பார்க்கப் பார்க்கத் தாழைக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அவள் பெற்ற மகளே, "சின்னம்மா வீட்டுத் தண்ணிதான் வேணும்" என்று அடம்பிடித்தாள். அதற்குமேல் தாழையால் பொறுக்க முடியவில்லை.

நேரே தென்னை நண்டிடம் போனாள். தேங்காயையே உடைக்கிற கொடுக்கு அதற்கு.

"என் வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல நிலத்தை அறுத்து விடு. அவ அந்தப் பக்கம் தனியாக் கிடக்கட்டும். அப்புறம் ஊரு எங்க வந்து தண்ணி மொள்ளுதுன்னு பாக்கறேன்."

"எனக்கு அறுக்கத் தெரியும். ஒட்டத் தெரியாது" என்றது நண்டு. "யோசிச்சுக்க, தாயி."

"எல்லாம் யோசிச்சாச்சு. நீ அறு."

நண்டு அறுத்தது. தாழை கேட்டது ஒரே ஒரு வாய்க்கால். ஆனால் உள்ளே வந்த கடலுக்கு அளவு சொல்ல யாரால் முடியும்? பள்ளம் கண்ட இடமெல்லாம் பாய்ந்தது. மரம் ஒரு துண்டில், கோரை ஒரு துண்டில், தோப்பு வேறொரு துண்டில் என்று நிலம் பிரிந்து போனது.

தாழையின் பக்கம் சிக்கிக்கொண்ட ஊரார், அவள் ஆசைப்பட்டபடியே, அவள் கிணற்றுக்குத்தான் வந்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்கள். கிணற்றுக்குள் கடல் புகுந்திருந்தது.

மகள் உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தாள். "நீயே போய்க் கேளு. அவங்க வாசல்ல நிக்க எனக்கு மூஞ்சி இல்ல" என்றான் கணவன்.

தாழை மகளைக் கட்டுமரத்தில் கிடத்தித் துடுப்புப் போட்டாள். சங்கினி திட்டினால் என்ன சொல்வது, விரட்டினால் எப்படிக் காலில் விழுவது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனாள்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த சங்கினி, அவர்களைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடினாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்றே தாழை நினைத்தாள். அவளோ குடத்தோடு திரும்பி வந்தாள். குழந்தைக்குப் புகட்டிவிட்டு மூத்தவளிடம் நீட்டினாள்.

"சங்கினி, நான்தான் அந்த நண்டுகிட்ட..."

"முதல்ல குடிங்கக்கா."

தாழை குடித்தாள். குடிக்கும்போதும், இந்தப் பாழாய்ப்போன தண்ணீர் மட்டும் எப்படி இப்படி இனிக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அழுதுகொண்டே குடத்தைக் காலி செய்தாள்.

அப்படித்தான் இந்தக் கடலில் ஒரு நிலம் பல தீவானது. அன்று முதல்தான் இங்கே எவர் படகு ஒதுங்கினாலும், யார், எந்த ஊர் என்று கேட்காமல் வீட்டார் தண்ணீர்க் குடத்தோடு கரைக்கு ஓடி வருகிறார்கள். வந்தவர் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேச விடுவதில்லை.